மண்ணும் மருந்தும் – 9: நாவை ஏய்க்கும் இலை

சென்ற வாரம் நிலவேம்பின் கசப்போடு விடைபெற்ற நாம், இவ்வாரம் இனிப்பை மறைப்பதில் மகா சமர்த்தான ஒரு கொடியிடம் வந்து சேர்கிறோம். புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலைக்குப் போகும் வழியில், காரையும் சூரையும் பின்னிக் கிடந்த புதரின்மேல் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சானைக் காட்டிய ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து நீட்டி, "ரெண்டு எலய நல்லா மென்னுட்டு இதத் தின்னு பாருங்க, தம்பி" என்றார். மென்றேன், தின்றேன். வெல்லம் மணலாய் நொறுங்கிற்றே தவிர, அதில் இனிப்பென்று ஒன்று உண்டென்பதை என் நாக்கு அரைமணி நேரம் ஒப்புக்கொள்ளவே இல்லை.

சர்க்கரைக்கொல்லி என்னும் பெயரை இக்கொடிக்கு வாங்கித்தந்த இந்த விந்தையை ஆராய்ந்து, உதகமண்டலத்தில் அரசாங்க ரசாயன நிபுணராயிருந்த டேவிட் ஹூப்பர், ஜிம்னீமிக் அமிலம் என்னும் சத்தைப் பற்றி 1887-இல் எழுதினார். நூறாண்டுக்குப் பின் சென்னையில் சண்முகசுந்தரம் குழுவினர், மாத்திரை உண்டுவந்த 22 நீரிழிவு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சத்தைப் பதினெட்டு முதல் இருபது மாத காலம் கொடுத்து, அவர்களில் ஐவரால் மாத்திரையையே விட முடிந்ததென 1990-இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அந்த ஐவரை நினைவில் வைப்பவர்கள், அவர்கள் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே மாத்திரையைக் குறைத்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காலையில் கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொண்டு, "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று சிறுகுறிஞ்சான் பொடியையும் வெந்நீரில் கலந்து குடித்துவிட்டு, பலகாரத்தைத் தள்ளிப்போடுபவருக்கு, சர்க்கரையைக் குறைக்கும் இரு சக்திகள் ஒன்றுகூடி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடைசியில் மயக்கம் என்று அபாயம் படிப்படியாக வரக்கூடும். அவரே இரத்த அழுத்தத்துக்கு அட்டனலால் உண்பவராயின், அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடுமாதலால், எச்சரிக்கையாக மிஞ்சுவது பெரும்பாலும் வியர்வை ஒன்றுதான். வைகாசி வெயிலில் புதுக்கோட்டைக்காரர்களில் அதை யார் கவனிப்பார்? மெட்பார்மின் மட்டும் உண்பவருக்கு இந்த அபாயம் சொற்பம். இலையை உண்டவருக்குக் கல்லீரல் அழற்சி கண்ட செய்தியும் மருத்துவ ஏடுகளில் அபூர்வமாக உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே பொடியை நிறுத்திவிடுவது உசிதம்.

இலையைப் பழிப்பது என் நோக்கமன்று. வெறும் இலையென்று நினைப்பதுதான் அதற்குச் செய்யும் அவமரியாதை. மருந்தாக வேலை செய்கிற வஸ்துவை மருந்தாகவே எண்ணி, மாத்திரை அட்டைகளோடு பொடி டப்பாவையும் வைத்தியரின் மேஜைமேல் எடுத்து வைக்க வேண்டும். இலை நம் நாவிடம் இனிப்பை மறைப்பது அரைமணி நேரம். நாம் வைத்தியரிடம் இலையை மறைப்பதோ வருஷக் கணக்கில்.

அடுத்த வாரம், ஆவாரம்பூ.

(தொடரும்)