மக்கள் பணத்திற்குக் கணக்கு

மம்பாவ், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனை நோக்கிச் செல்லும் பழைய சாலையில் உள்ள சிற்றூர். ஒரு காலத்தில் அதனைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குக் கணக்குப் பார்ப்பது புதிய செய்தி அன்று. பால்மரம் வெட்டியவர் கொண்டுவந்த பாலை நிறுத்து, கிராணி ஏட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் அந்த ஏட்டில் உள்ள எண்ணைப் பொறுத்தது. ஆகவே, நிறுக்கும்போது தராசைக் கவனிப்பதும் எழுதிய எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தொழிலாளிக்கு மிகவும் தேவையாக இருந்தன.

தோட்டக் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் இதே முறையைக் காணலாம். பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கணக்காய்வாளர் அக்கணக்கை முன்னரே சரிபார்த்துக் கையெழுத்திட்டிருப்பார். திருவிழாப் பந்தலுக்கு ஏன் இவ்வளவு செலவானது என்று எந்த உறுப்பினரும் எழுந்து கேட்கலாம். அவ்வாறு கேட்பது பொருளாளரைக் குற்றவாளி என்று சொல்வதாகாது. செலவானது பொதுப்பணம் என்பதை நினைவூட்டுவதே அக்கேள்வியின் நோக்கம்.

ஒரு நாட்டின் நிதியும் இப்படிப்பட்ட பொதுப்பணமே. மாதாந்தரக் கைப்பேசிக் கட்டணத்தில் அடங்கியுள்ள சேவை வரி முதல் பெரிய நிறுவனங்கள் செலுத்தும் வருமான வரி வரை அனைத்தும் அரசாங்கக் கருவூலத்தைச் சேருகின்றன. அப்பணம் எப்படிச் செலவாகிறது, அதனைச் செலவிடும் அதிகாரிகளை யார் நியமிக்கிறார்கள், அவர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்களா ஆகிய மூன்று கேள்விகளையும் மக்கள் சார்பில் கேட்கும் இடம் நாடாளுமன்றம்.

இக்கருத்து தமிழர் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஏறத்தாழ 920ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இத்தடை பொருந்தும். கணக்குக் கொடுக்காதவருக்கு மீண்டும் பொறுப்புக் கிடைக்காது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் கல்லில் எழுதி வைத்துள்ளது.

செலவுக்கு முன் அனுமதி

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 96ஆவது பிரிவு, சட்டத்தின் அனுமதியின்றிக் கூட்டரசு எந்த வரியும் விதிக்கக்கூடாது என்கிறது. அவ்வாறே, கருவூலத்திலுள்ள பணத்தையும் அரசாங்கம் தன் விருப்பப்படி எடுத்துவிட முடியாது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை மக்களவையில் தாக்கல் செய்கிறார். எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தாக்கல் செய்யப்பட்ட 2025ஆம் ஆண்டுக்கான திட்டத்தின் மதிப்பு 421 பில்லியன் ரிங்கிட். அதில் 335 பில்லியன் நிர்வாகச் செலவுக்கும் 86 பில்லியன் மேம்பாட்டுச் செலவுக்கும் ஒதுக்கப்பட்டன.

திட்டம் தாக்கல் செய்யப்பட்ட பிறகு, 222 உறுப்பினர்களைக் கொண்ட மக்களவை அதனை விவாதிக்கிறது. முதலில் பொதுவான விவாதம் நடைபெறும். பின்னர்ச் செயற்குழு நிலையில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியே ஆராயப்படும். இந்நிலையில் உறுப்பினர் ஒருவருக்கு ஓர் அமைச்சின் செயல்பாட்டில் மனநிறைவு இல்லையெனில், அமைச்சரின் சம்பளத்தில் 10 ரிங்கிட்டைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். பத்து ரிங்கிட்டால் எந்த அமைச்சருக்கும் இழப்பு ஏற்படப் போவதில்லை. எனினும், அத்தீர்மானத்தின் வழி அவரது அமைச்சின் குறைகளை அவையில் விரிவாகப் பேசும் வாய்ப்புக் கிடைக்கிறது.

செலவுக்குப் பின் ஆய்வு

அனுமதி பெற்ற பணம் அனுமதித்த நோக்கத்திற்கே செலவானதா? இதனை ஆராய்பவர் தலைமைக் கணக்காய்வாளர். அவர் கூட்டரசின் கணக்குகளை மட்டுமின்றி மாநிலங்களின் கணக்குகளையும் தணிக்கை செய்கிறார். எண்கள் சரியாக உள்ளனவா என்பதோடு அவர் பணி முடிவதில்லை. விதிமுறைகள் பின்பற்றப்பட்டனவா, செலவிட்ட பணத்திற்கு ஏற்ற பயன் கிடைத்ததா என்றும் அவர் பார்க்கிறார்.

அவர் அச்சமின்றிச் செயல்பட அரசியலமைப்புச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பிரதமரின் ஆலோசனைப்படியும் ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்தாலோசித்த பின்னரும் மாமன்னர் அவரை நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை எவ்வாறு எளிதில் பதவி நீக்க முடியாதோ, அவ்வாறே அவரையும் நீக்க முடியாது. பதவிக்காலம் முடிந்த பின் அவர் வேறோர் அரசாங்கப் பதவியை ஏற்கவும் முடியாது. நாளை கிடைக்கக்கூடிய பதவிக்காக இன்று கண்டதை மறைக்கும் ஆசை எழாதிருக்கவே இவ்விதி வகுக்கப்பட்டது.

தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை மக்களவைக்கு வந்ததும் பொதுக்கணக்குக் குழுவின் பணி தொடங்குகிறது. இத்தகைய குழு முதன்முதலில் 1861ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோன்றியது. மலேசியாவில் மக்களவையின் நிலையான விதி 77 இக்குழுவை அமைக்கிறது. அமைச்சர் எவரும் இதில் உறுப்பினராக முடியாது. குழு, அமைச்சுகளின் தலைமைச் செயலாளர்களையும் பிற அதிகாரிகளையும் அழைத்து விசாரிக்கும். ஆவணங்களைக் கேட்டுப் பெறும். தன் கண்டறிவுகளையும் பரிந்துரைகளையும் அவையில் வைக்கும். இந்தியாவில் 1967ஆம் ஆண்டு முதல் இக்குழுவின் தலைமை எதிர்க்கட்சியிடம் இருந்து வருகிறது. மலேசியாவிலும் 2018ஆம் ஆண்டு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் குழுத்தலைவராக நியமிக்கப்பட்டார்.

நெகிரி செம்பிலானில் நடந்த ஒரு திட்டம் இவ்வாய்வின் பயனை விளக்கும். நாட்டின் மாட்டிறைச்சி உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கிம்மாஸ் வட்டாரத்தில் தேசிய மாட்டுப் பண்ணை தொடங்கப்பட்டது. இதற்கென அரசாங்கம் 250 மில்லியன் ரிங்கிட் எளிய கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 2011ஆம் ஆண்டு வெளியான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, 2010ஆம் ஆண்டுக்கான இலக்கு 8,000 மாடுகளாக இருக்க, 3,289 மாடுகளே உற்பத்தியானதாகக் கூறியது. இது இலக்கில் 41.1 விழுக்காடு மட்டுமே. இந்த ஒரு விழுக்காடு நாடாளுமன்றத்தில் பல நாள் விவாதத்திற்கு வித்திட்டது. பொதுக்கணக்குக் குழுவும் அத்திட்டத்தை ஆராய்ந்தது. அறிக்கை வெளிவராவிட்டால், கிம்மாஸில் நடந்தது மம்பாவில் வாழ்ந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அரச மலேசியக் கடற்படைக்கான போர்க்கப்பல் திட்டம் இன்னொரு சான்று. ஆறு கப்பல்களைக் கட்டும் ஒப்பந்தத்தின் மதிப்பு 9 பில்லியன் ரிங்கிட். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பொதுக்கணக்குக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்குள் 6.083 பில்லியன் ரிங்கிட் செலுத்தப்பட்டிருந்தும் ஒரு கப்பல்கூட முழுமை பெறவில்லை என்பதை நாடு அன்று அறிந்தது. மறு ஆண்டு, கப்பல்களின் எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது. ஒப்பந்த மதிப்போ 11 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. கேள்வி தாமதமானால் செலவு பெருகும் என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

பதவிக்கு உரியவர் யார்?

பணத்தைக் கண்காணித்தால் மட்டும் போதுமா? அதனைக் கையாளும் மனிதரும் தகுதியானவராக இருத்தல் வேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை அமைத்திருப்பதும் இதனால்தான். முன்னது ஆளைத் தேர்ந்தெடுப்பதையும் பின்னது தேர்ந்தெடுத்தவரிடம் பணியை ஒப்படைப்பதையும் பேசுகின்றன.

மலேசியாவில் அரசு ஊழியர்களின் எண்ணிக்கை 16 இலட்சம் அளவில் உள்ளது. அரசாங்கத்தின் நிர்வாகச் செலவில் கணிசமான பங்கு அவர்களின் சம்பளத்திற்குச் செல்கிறது. இவ்வளவு பெரிய சேவையில், ஆளுங்கட்சி தனக்கு வேண்டியவர்களையெல்லாம் பணியில் அமர்த்தினால் என்னாகும்? இதனைத் தடுக்கவே பொதுச்சேவை ஆணையம், கல்விச்சேவை ஆணையம் போன்றவை அமைக்கப்பட்டன. நியமனம், பணி உறுதிப்பாடு, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியன இவற்றின் பொறுப்புகள். நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ இவ்வாணையங்களில் இடம்பெற முடியாது. ஆணையங்கள் ஆண்டுதோறும் அளிக்கும் அறிக்கையின் படிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். கூட்டரசுச் சேவையில் ஒரே நிலையில் பணிபுரிவோர் எந்த இனத்தவராயினும் நடுநிலையோடு நடத்தப்பட வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 136ஆவது பிரிவு வலியுறுத்துகிறது.

தலைமைப் பதவிகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அமெரிக்காவில் முக்கியமான நியமனங்களுக்குச் செனட் அவையின் ஒப்புதல் வேண்டும். மலேசியாவில் அத்தகைய விதி இல்லை. 2018ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பிறகு, முக்கிய அரசாங்க நியமனங்களை ஆராய மக்களவையில் ஒரு சிறப்புத் தேர்வுக்குழு அமைக்கப்பட்டது. ஆயினும், 2019ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அக்குழுவின் கருத்தைக் கேளாமலேயே நியமிக்கப்பட்டபோது கேள்விகள் எழுந்தன. குழு ஒன்று இருப்பது வேறு. அதனைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருப்பது வேறு.

கண்காணிப்பின் எல்லைகள்

நாடாளுமன்றக் கண்காணிப்புக்குச் சில எல்லைகள் உள்ளன. பொதுக்கணக்குக் குழு பெரும்பாலும் செலவு முடிந்த பிறகே ஆராய்கிறது. அது பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. குற்றம் நடந்ததா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை.

தகவல் மறைக்கப்பட்டாலும் கண்காணிப்பு வலுவிழக்கும். 1எம்டிபி நிறுவனத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை, அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் இரகசிய ஆவணமாக்கப்பட்டது. பொதுக்கணக்குக் குழுவின் அறிக்கை 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த போதும், தணிக்கை அறிக்கையை மக்கள் படிக்க முடியவில்லை. அதன்மீதான இரகசியத் தடை 2018ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நீக்கப்பட்டது.

கேள்வி கேட்கும் மன்றத்திற்குத் தேவையான ஊழியர்களை யார் நியமிப்பது என்பதும் முக்கியமானது. 1963ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சேவைச் சட்டம் 1992ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதன் பிறகு நாடாளுமன்றத்தின் பணியாளர் விவகாரங்கள் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. கண்காணிக்கப்பட வேண்டிய தரப்பே கண்காணிப்பவருக்கு ஆள் அனுப்பும் நிலை உருவானது. மன்றம் தன் பணியாளர்களைத் தானே நிர்வகிக்க வழிசெய்யும் புதிய நாடாளுமன்றச் சேவை மசோதாவை மக்களவை 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறைவேற்றியது.

வாக்காளரின் பங்கு

மம்பாவ் ஒரு சட்டமன்றத் தொகுதி. அது ராசா நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியுள்ளது. ஆகவே, அங்குள்ள வாக்காளருக்கு இரண்டு பிரதிநிதிகள் உள்ளனர். 36 உறுப்பினர்களைக் கொண்ட நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தில் ஒருவர் மாநில அரசைக் கேள்வி கேட்கிறார். மக்களவையில் மற்றொருவர் கூட்டரசைக் கேள்வி கேட்கிறார். மாநிலக் கணக்குகள் மீதான தணிக்கை அறிக்கையும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியரின் இடம் நெடுநாள் காலியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அல்லது, கட்டட நிதி அறிவிக்கப்பட்டும் கூரை இன்னும் ஒழுகுவதாகக் கொள்வோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளியின் பெயர், அறிவிக்கப்பட்ட தொகை, நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்துத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். அவர் அதனைக் கேள்வியாக எழுப்பினால் கல்வியமைச்சு பதில் கூறியாக வேண்டும். அப்பதில் அவைக் குறிப்பில் பதிவாகிறது. அடுத்த ஆண்டு அதனை மீண்டும் எடுத்துக் காட்டலாம். வெறும் மனக்குறை காற்றோடு போய்விடும்; பதிவான கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது.

இந்தியச் சமூகத்தின் மேம்பாட்டுக்கான மித்ரா நிதியும் இத்தகையதே. அந்நிதி உரியவர்களைச் சென்றடைந்ததா என்ற கேள்வி மக்களவையில் பலமுறை எழுந்துள்ளது. ஒதுக்கிய தொகையை அறிவதோடு நில்லாமல், எவ்வளவு செலவானது, யாருக்குப் பயன்பட்டது என்றும் கேட்பதே பொறுப்புள்ள குடிமக்களின் இயல்பு.

தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகளும் மக்களவையின் விவாதக் குறிப்புகளும் இன்று இணையத்தில் எவரும் படிக்கும் வகையில் கிடைக்கின்றன. நாளைய வாக்காளர்களாகிய இன்றைய மாணவர்கள் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளப் பழகினால், நாடாளுமன்றம் கேட்கும் கேள்விகளுக்குப் பின்னால் மக்களின் வலிமையும் சேரும்.