மகன் கேட்ட திரை! 240 வேண்டுமா, 144 போதுமா?

குறுவை அறுவடை முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கைக்கு வந்தது.

"அப்பா! எனக்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிக் கொடுங்க!" என்கிறான் மகன்.

"அது என்னடா ஹெர்ட்ஸ்? இருக்கிற திரைக்கு என்ன வந்தது?" என்கிறார் அப்பா.

கம்ப்யூட்டர் விளையாட்டு நுழைந்த தஞ்சை வீடுகளில் நடக்கக்கூடிய பேச்சு இது. யார் சொல்வது சரி?

ஓடாத ஓட்டம்!

ஹெர்ட்ஸ் என்பவர் ஜெர்மன் விஞ்ஞானி. ரேடியோ அலைகள் உண்டு என்று 1880-களில் சோதனை செய்து காட்டியவர். ஒரு காரியம் வினாடிக்கு எத்தனை முறை நடக்கிறது என்ற கணக்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

சினிமாவில் கதாநாயகன் ஓடுகிறான். உண்மையில் அங்கே ஓட்டமே இல்லை! வினாடிக்கு 24 அசையாப் படங்கள் மாறி மாறி விழுகின்றன. கண் அதை ஓட்டமாக நினைத்துக்கொள்கிறது. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கினார். ஊர் ஊராகப் படம் காட்டினார். ஜனங்கள் வாய் பிளந்து பார்த்ததும் இப்படிக் கண்ணை ஏமாற்றும் வித்தையைத்தான்.

கம்ப்யூட்டர் திரையும் அப்படியே. சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றும். 144 ஹெர்ட்ஸ் திரை 144 முறை மாற்றும்.

லாபம் எவ்வளவு?

ஒரு வினாடியை 1,000 கூறாக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் சுமார் 17 கூறு நேரம் நிற்கும். 144-ல் 7 கூறு. 240-ல் 4 கூறு.

60-லிருந்து 144-க்குப் போனால் 10 கூறு லாபம். அங்கிருந்து 240-க்குப் போனால் 3 கூறுதான்! விலையோ ஏறிக்கொண்டே போகும்.

துப்பாக்கிச் சண்டை, கார்ப் பந்தயம் போன்ற ஆட்டங்களில் இந்த வேகம் உதவும். சதுரங்கம் ஆட 60 போதும்.

மடையும் தண்ணீரும்

இன்னொரு விஷயம். படத்தை வரைந்து அனுப்புவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அது வினாடிக்கு 70 படம்தான் தருகிறது என்றால், 240 ஹெர்ட்ஸ் திரை என்ன செய்யும்? மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் வயல் மடையை அகலமாக வெட்டியது போலத்தான்!

ஆகவே, முதலில் கார்டின் சக்தியைப் பாருங்கள். பிறகு திரைக்குப் போங்கள்.

வாங்கி வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. புதுத் திரை சில சமயம் 60 ஹெர்ட்சிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரின் டிஸ்பிளே செட்டிங்கில் 144 என்று மாற்ற வேண்டும். திரையோடு வந்த கேபிளையே மாட்டுங்கள். பழைய கேபிள் வேகத்தைக் குறைத்துவிடலாம்.

கணக்கைக் கேட்ட அப்பா சிரிக்கிறார்.

"144 வாங்கிக்கோ. மிச்சம் தாளடிக்கு உரம் வாங்க ஆகும்!"

மகனும் தலையாட்டுகிறான், தஞ்சாவூர்ப் பொம்மை போல!