படிக்கப் போறது நீங்க... மனைவி, குழந்தையும் கூட வர முடியுமா?

அட்மிஷன் லெட்டர் மெயிலில் வந்த அன்று இனிப்பு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், சொந்தக்காரர்களின் போன் கால் எல்லாம் ஓய்ந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அந்தக் கேள்வி வரும். “ஏங்க, நாங்களும் உங்ககூட வரலாமா?” பக்கத்தில் ஒன்றரை வயசுக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கிடைக்கும் பதில், “முதல்ல நான் போய் செட்டில் ஆகிடறேன். மூணு மாசத்துல உங்களைக் கூப்பிட்டுக்கிறேன்.”

இந்த ‘மூணு மாசம்’தான் சிக்கல். நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டையும் படிப்பையும் பொறுத்து, அது மூன்று வருடமாகவும் ஆகலாம். மனசு இருந்தும் சட்டம் விடாது. அதனால் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னாலேயே, முடிந்தால் யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே, இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டன்: கதவு கிட்டத்தட்ட சாத்தியாச்சு

நம்ம ஊரில் இன்னமும் பலர், ‘யூ.கே-ன்னா ஃபேமிலியோட போகலாம்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருகாலத்தில் அது நிஜம். ஒன்பது மாதத்துக்குக் குறையாத முதுநிலைப் படிப்பு என்றால் கணவன் அல்லது மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம். கூடப் போனவர் வேலையும் பார்க்கலாம். 2019-ல் மாணவர்களின் குடும்பத்தினருக்குக் கொடுத்த விசா சுமார் 16,000. 2022-ல் அது சுமார் 1,36,000. எட்டு மடங்குக்கும் மேல். அங்கே குடியேற்றம் பெரிய அரசியல் சண்டையாக ஓடிக்கொண்டிருந்த நேரம். 2023 மே மாதம் அறிவித்தார்கள், 2024 ஜனவரி 1-லிருந்து தொடங்கும் படிப்புகளுக்குத் தடை வந்துவிட்டது.

இப்போது இரண்டு வகை மாணவர்கள் மட்டும்தான் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியும். ஒன்று, பிஹெச்.டி போன்ற ஆராய்ச்சிப் படிப்பு. இன்னொன்று, அரசு நிதியிலான ஸ்காலர்ஷிப்பில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பவர்கள். ‘செவனிங்’ போன்றவை இதில் வரும். எம்.எஸ்சி, எம்.பி.ஏ எல்லாம் கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிப்பின் பெயரில் ‘ரிசர்ச்’ என்று இருந்தால் மட்டும் போதாது. வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பகுதியைவிட, சொந்தமாகச் செய்யும் ஆராய்ச்சிப் பகுதி அதிகமாக இருக்க வேண்டும். சில ‘மாஸ்டர் ஆஃப் ரிசர்ச்’ படிப்புகள் இதில் தேறும், சில தேறாது. கன்சல்டன்சிக்காரர் தலையாட்டினார் என்று நம்பிவிடாதீர்கள். யூனிவர்சிட்டியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, “இந்தப் படிப்புக்கு டிபெண்டென்ட் விசா தகுதி உண்டா?” என்று எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

சரி, தனியாகப் போய் எம்.எஸ்சி முடித்துவிட்டு, அதற்கப்புறம் கிடைக்கும் ‘கிராஜுவேட் ரூட்’ விசாவில் குடும்பத்தைக் கூப்பிடலாமே? இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். படிக்கும்போதே டிபெண்டென்டாக உங்களோடு இருந்தவர்கள்தான் அந்த விசாவில் தொடர முடியும். ஊரில் இருப்பவரைப் புதிதாகச் சேர்க்க முடியாது. ஆக, உங்களுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனி கிடைத்து, ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்கு மாறினால்தான் வழி. அதற்கான பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படிப்பு முடித்து மாறுபவர்களுக்குச் சலுகையில் 33,400. அந்த வேலைக்கென்று தனியாக நிர்ணயித்த தொகையும் உண்டு, அதையும் தொட வேண்டும்.

கணக்குப் போடுங்கள். ஒரு வருடம் படிப்பு, அப்புறம் இரண்டு வருடம் வேலை தேடல். கிராஜுவேட் ரூட்டும் 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிப்பவர்களில், பிஹெச்.டி தவிர மற்றவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. இன்றைக்கு ஒன்றரை வயசில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தை, எல்.கே.ஜி போகும் வயசு வரைக்கும் அப்பாவையோ அம்மாவையோ வீடியோ காலில்தான் பார்க்கும். இடையில் விசிட்டர் விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். குடியிருக்க முடியாது, வேலை பார்க்க முடியாது.

தகுதி உள்ள பிஹெச்.டி மாணவர்களுக்கும் செலவு லேசுப்பட்டதில்லை. கூட வரும் ஒவ்வொருவருக்கும் லண்டனில் என்றால் மாதம் 845 பவுண்டு, மற்ற ஊர்களில் 680 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கான பணத்தை வங்கியில் காட்ட வேண்டும். 28 நாள் அது தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கி ஒரு நாள் போட்டு எடுக்கும் வேலையெல்லாம் ஆகாது. இதுதவிர மருத்துவத்துக்கான கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, முன்கூட்டியே. மூன்றரை ஆண்டு விசா என்றால் ஒருவருக்கு 2,716 பவுண்டு. அப்பா, அம்மா, ஒரு குழந்தை என மூவருக்கு 8,148. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விடும். அங்கே அரசு ஆராய்ச்சி நிதியில் படிப்பவருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையே 2025-26-ல் ஆண்டுக்கு 20,780 பவுண்டுதான்.

நல்ல செய்தியும் உண்டு. கூடப் போகும் துணைவர் கிட்டத்தட்ட எந்த வேலையும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இலவசம். இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயசுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேரம் நர்சரியும் இலவசம். அதற்குக் கீழே உள்ள குழந்தை என்றால் கையைச் சுடும்.

கனடா: வரலாம், ஆனா வேலை?

கனடாவில் கதை வேறு. குடும்பம் வருவதற்குத் தடை இல்லை. ஆனால் துணைவருக்கு ‘ஓப்பன் வொர்க் பெர்மிட்’ கிடைக்குமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முன்பு இரண்டு வருட டிப்ளமோ படிக்கப் போனாலே கிடைத்தது. பஞ்சாபில் ‘ஐ.இ.எல்.டி.எஸ் கல்யாணம்’ என்று ஒன்று கிளம்பியதே அதனால்தான். நல்ல ஸ்கோர் எடுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஃபீஸ் கட்டுவார்கள், மாப்பிள்ளை கூடவே போய்விடுவார்.

2024 மார்ச்சில் அதை முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கும் சில தொழில்முறைப் படிப்புகளுக்கும் என்று சுருக்கினார்கள். 2025 ஜனவரி 21-லிருந்து இன்னும் இறுக்கம்: மாஸ்டர்ஸ் என்றால் அது 16 மாதமாவது இருக்க வேண்டும். ஒரு வருட மாஸ்டர்ஸ் சீக்கிரம் முடியும், ஃபீஸும் மிச்சம் என்று ஆசையாகத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் உஷாராக வேண்டும். அந்த நாலு மாத வித்தியாசத்தில் ஒருவரின் வருமானமே போய்விடும்.

ஃபீஸ், பயணச் செலவு போக, ஒரு வருடம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காட்ட வேண்டிய பணம் தனி ஆளுக்கு 22,895 கனடா டாலர். மூன்று பேர் குடும்பத்துக்கு 35,040.

ஒரு பெயர் விட்டுப்போனால்...

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் குடும்பத்தைச் சேர்க்கலாம். நீங்கள் மாஸ்டர்ஸோ பிஹெச்.டி-யோ படித்தால், படிப்பு தொடங்கிய பிறகு துணைவர் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். மற்றப் படிப்புகளுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மனைவி, குழந்தை இப்போது வரவில்லை என்றாலும் முதல் விண்ணப்பத்திலேயே அவர்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். ‘தனி ஆள்னு காட்டினா விசா ஈஸியா கிடைக்கும்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மறைத்த குடும்பத்தைப் பின்னால் கொண்டுவர முடியாமல் போகும். பள்ளி வயசுக் குழந்தை இருந்தால், ஃபீஸுக்கென்று ஆண்டுக்கு 13,502 ஆஸ்திரேலிய டாலரும் கணக்கில் சேரும்.

அமெரிக்கா பழைய கதைதான். எஃப்-1 மாணவரின் துணைவருக்கு எஃப்-2. வேலை பார்க்கவே கூடாது. படிக்கலாம், அதுவும் பகுதி நேரமாக மட்டும். குழந்தைகள் பள்ளிக்குப் போகலாம். ஆராய்ச்சியாளர்கள் சிலருக்குக் கிடைக்கும் ஜே-1 விசா என்றால், ஜே-2-வில் வரும் துணைவர் வேலைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மனியில் துணைவருக்கு வேலை உரிமை உண்டு. ஆனால் பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் தேறியிருக்க வேண்டும், வாழ்க்கைச் செலவுக்கு வழி காட்ட வேண்டும், குடும்பம் தங்குமளவு வீடு வேண்டும். நீங்கள் சென்னையில் விசாவுக்கு அலையும் மாதங்களிலேயே உங்கள் துணைவரையும் மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 வகுப்பில் சேர்த்துவிடலாம்.

இனிஷியல் படுத்தும் பாடு

நம்ம தமிழ் ஆட்களுக்கென்றே ஸ்பெஷலாக ஒரு தலைவலி உண்டு, பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும். ஆதாரில் கணவர் பெயரின் முதல் எழுத்து. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடு. அப்பா பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து முழுப் பெயராக நிற்கும். மூன்று பேருக்கும் மூன்று சர்நேம். இங்கே யாருக்கும் இது விசித்திரம் இல்லை. ஆனால் விசா அதிகாரி முன்னால் இருப்பது காகிதம் மட்டும்தான். ஒரே பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் இருந்தால், அமெரிக்க விசாவில் அது சர்நேம் இடத்துக்குப் போய், உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சாகும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம்!

கல்யாணத்தைப் பதிவு செய்தாச்சா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். ஆனாலும் மண்டபத்து ஆல்பமும் பத்திரிகையும் போதும் என்று விட்டவர்கள் ஏராளம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கப்புறமும் சேர்க்கலாம், ஆனால் அலைச்சல்.

கூடப் போகிறவர் யார்?

சட்டம் அவரை ‘டிபெண்டென்ட்’ என்கிறது. சார்ந்திருப்பவர். இங்கே பேங்க்கில் வேலை பார்த்தவர், டீச்சராக இருந்தவர், அங்கே போய் இறங்கியதும் உங்கள் விசாவின் பின்னிணைப்பு ஆகிவிடுகிறார். நீங்கள் படிப்பை விட்டால் அவர் விசாவும் போகும். உறவு முறிந்தாலும் போகும். பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், குழந்தையோடு ஒற்றை அறையில் நாள் முழுக்க இருக்கப்போவது அவர்தான். நீங்கள் லைப்ரரியில் இருப்பீர்கள். மனைவி படிக்க, கணவன் டிபெண்டென்டாகப் போனால் சொந்தபந்தத்தின் வாய் வேறு: “அவ படிக்கப் போறா, நீ எதுக்குடா பின்னாடியே?”

அதனால் “உன்னைக் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அங்கே நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். அவர் படிப்புக்கு அங்கே மதிப்பு உண்டா, வேலைக்கு லைசென்ஸ் வேண்டுமா, வார நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சில வீடுகளில் அந்த நோட்டைப் பார்த்த பிறகு, ‘முதல் வருஷம் குழந்தையோட அம்மா வீட்டிலேயே இருக்கேன்’ என்று அவரே சொல்லலாம். சில வீடுகளில் நாடே மாறலாம்.

விதிகள் இன்னும் மாறலாம் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கன்சல்டன்சி சுவரில் ஒட்டியிருக்கும் சிரிக்கும் குடும்பத்தின் போஸ்டர், பாதி இடங்களில் 2023-ல் அடித்தது.