தம்பூரா நூலும் வால்வுப் பெருக்கியும்

தம்பூராவின் மந்தரத் தந்தியைத் தனியே மீட்டிவிட்டுச் சற்றுநேரம் செவிகொடுத்தால், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதனுள்ளிருந்து மெல்ல மேலெழுவதை இசை பயின்றோர் அறிவர். தந்தி தன் அடிப்படை மீடிறனில், அதாவது ஒரு செக்கனுக்குரிய அதிர்வு எண்ணிக்கையில், அதிரும்போதே அதன் இருமடங்கிலும் மும்மடங்கிலும் ஐம்மடங்கிலும் சேர்ந்து அதிர்கிறது. அனுசுரங்கள் எனப்படும் இவற்றில் ஸட்ஜத்தின் இரண்டாவது மேல் ஸட்ஜமாகவும், மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமமாகவும், ஐந்தாவது அந்தர காந்தாரமாகவும் கேட்கும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகப்படும் ஜீவாளி என்னும் நூலை இம்மியளவு நகர்த்தினால் இவற்றின் வலு மாறுகிறது. ஒரு தந்தியை மீட்டும் புள்ளியில் அசைவற்று நிற்க வேண்டிய அனுசுரங்கள் அத்தந்தியில் எழமாட்டா என்ற பழைய விதியைத் தம்பூராவும் வீணையும் மீறுகின்றன என்றும், அவற்றின் வளைந்த குதிரையே அதற்குக் காரணம் என்றும் சி. வி. இராமன் 1921இல் எழுதினார்.

வால்வுப் பெருக்கியை வீட்டிலேயே கட்டி, அதன் உறுப்புகளை மாற்றி மாற்றி ஹெட்போனில் கேட்போர் தேடுவதும் பெரும்பாலும் இதே அனுசுரங்களைத்தான். ஆகவே அக்கலையை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. பெண்களின் கல்விக்கெனச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய கல்லூரி இருக்கும் அவ்வூரில், 1960இல் தொடங்கப்பெற்று 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக் கழகம், தம்பூராவுக்குச் சுருதி கூட்டும் செவிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவித்து வந்திருக்கிறது.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். சூடேறிய கதோட்டிலிருந்து வெளியேறும் இலத்திரன்கள், ஏறத்தாழ 100 முதல் 250 வோல்ற்று வரை உயர்ந்த வோல்ற்றளவில் நிற்கும் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. பிளெமிங் 1904இல் அமைத்த இருவாயியில் இவ்விரு முனைகளே இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் டி பொரஸ்ட் அவற்றுக்கிடையே நெய்யரி என்னும் கம்பி வலையை வைத்து மூவாயியை ஆக்கியபின், வலையில் ஏற்படும் சிறு மாற்றம் பெரும் ஓட்டத்தை ஆளத் தொடங்கியது. கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஒலிக்கத் தொடங்கியபோது அனுப்பும் நிலையமும் வால்வையே நம்பியிருந்தது. மாறாக, 1990களின் போர்க்காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தார் சைக்கிள் தைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார்களே, அதற்குத் துணைநின்றது திரான்சிற்றர். ஈ.சீ.சீ. 82 என்னும் இரட்டை மூவாயிக்குச் சூடேற்றும் இழைக்கு மட்டுமே 6.3 வோல்ற்றில் 0.3 அம்பியர், அதாவது ஏறத்தாழ 1.9 வாற்று வேண்டும். 3 வாற்றுத் தைனமோ அந்த இழையை ஒளிரச் செய்திருக்கும், ஆனால் அனோட்டுக்கு வேண்டிய உயர் வோல்ற்றளவைத் தன்னளவில் தந்திராது.

மூவாயி தனக்குள் புகும் அலையைச் சரிநேர் விகிதத்தில் பெருக்குவதில்லை. அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சற்றே வேறுபட்டு வெளிவருவதால், முதன்மையாக இரண்டாம் அனுசுரம் புதிதாகச் சேர்கிறது. கதோட்டுத் தடையிக்குக் குறுக்கே இருக்கும் கொள்ளளவியைக் கழற்றினால் வெளிவரும் சைகையின் ஒரு பங்கு உள்ளே வருவதை எதிர்க்கும். இப்பின்னூட்டலால் பெருக்கமும் குறையும், சேர்ந்த அனுசுரமும் குறையும். பெருக்கி கட்டுவோரின் ஜீவாளி என்று இக்கொள்ளளவியைச் சொல்லலாம்.

எனினும் ஒலியில் கேட்கும் மாற்றம் யாவும் வால்வினுடையதன்று என்பதே இங்கு வலியுறுத்த வேண்டியது. வெளியீட்டு நிலைமாற்றி இல்லாத எளிய சுற்றுக்கு ஏறத்தாழ 100 ஓம் உள்தடை இருக்கலாம். பொதுவாக 32 ஓம் எனக் குறிக்கப்படும் ஒரு ஹெட்போன், தன் சவ்வு இயல்பாக அதிரும் தாழ்ந்த மீடிறனில் 64 ஓமாக உயர்ந்தால், அவ்விடத்தில் மட்டும் ஒலி ஏறத்தாழ 4 டெசிபெல் கூடிவிடும். 300 ஓமிலிருந்து 500 ஓமாக உயரும் ஹெட்போனில் அக்கூடுதல் 1 டெசிபெல்லைக்கூட எட்டாது. வால்வின் இதம் என்று புகழப்படும் கனத்த அடியொலி, பல வேளைகளில் இந்தத் தடைப்பொருத்தத்தின் விளைவாகவே இருக்கிறது. வெளியீட்டுக் கொள்ளளவியும் அவ்வாறே: உள்தடையும் 32 ஓம் ஹெட்போனும் சேர்ந்த 132 ஓமுக்கு 10 மைக்ரோபரட்டு இட்டால் 120 ஹேட்ஸுக்குக் கீழே ஒலி தேய்ந்து தவிலின் தொப்பி மெலியும், 100 மைக்ரோபரட்டு இட்டால் அவ்வெல்லை 12 ஹேட்ஸுக்கு இறங்கும். அணைத்த பின்னும் மின்வழங்கியின் கொள்ளளவிகளில் உயிர்பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடுமாதலால், அதை முழுதும் இறக்கி, மானியால் உறுதிசெய்த பின்னரே எதையும் மாற்றுதல் வேண்டும்.

ஒப்பிடுதலோ கட்டுவதினும் கடினம். சற்றே உரத்த ஒலியைச் செவி சிறந்த ஒலி என்றே கொள்வதால், இரு பெருக்கிகளின் வெளியீட்டையும் ஹெட்போன் இணைந்த நிலையிலேயே அளந்து 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்த வேண்டும். வால்வைக் கழற்றி மாற்றிச் சூடேறும்வரை காத்திருந்தால் முன்கேட்டதன் நுட்பம் நினைவில் நில்லாது. எனவே ஒரே அமைப்பில் இரண்டைக் கட்டி, ஒன்றில் மட்டும் ஓர் உறுப்பை மாற்றி, எது ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியாதபடி ஆளியை இயக்குவதே முறை. 16 தடவைகளில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக இனங்காண்பது வெறும் ஊகத்தால் நிகழும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

எதைக் கேட்டுச் சோதிப்பது என்பதும் முடிவை மாற்றும். இரு சுரங்கள் ஒருங்கே புகும்போது மூவாயி அவற்றின் மீடிறன்களின் கூட்டுத்தொகையையும் வேறுபாட்டையும் புதிய ஒலிகளாகச் சேர்க்கிறது. 2:3 விகிதமுள்ள ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தால் வேறுபாடாகிய 1 கீழ் ஸட்ஜமாகவும், கூட்டுத்தொகையாகிய 5 மேல் அந்தர காந்தாரமாகவும் அமைவதால், தம்பூரா முன்னிலும் நிறைந்து ஒலிப்பதாகவே தோன்றும். கர்நாடக இசையில் முதற்பாடமாகிய மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபம் ஸட்ஜத்தோடு 16:15 என்ற விகிதத்தில் நிற்க, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 31 மேல் ஸட்ஜத்துக்கும் மேல் ரிஷபத்துக்கும் நடுவே, அந்த இராகத்தில் எச்சுரத்துக்கும் உரியதல்லாத இடத்தில் விழுகிறது. ஆகவே தம்பூராவை மட்டும் ஒலிக்கவிட்டு ஒரு பெருக்கியை மெச்சியவர், அதே சுருதியின் மேல் சரளிவரிசை பாடப்படும்போது, ரிஷபத்தில் குரல் நின்று நீளும் இடத்தை மறுமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.