சாயம் போடாத தங்கப் பட்டு

செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் கிருத்திகையன்று படியேறும் பெண்மணிகள் பலரும் பட்டுப்புடவையில்தான் வருவார்கள். காஞ்சிபுரம், ஆரணி, தர்மாவரம் என்று ஊர்ப்பெயர் சொல்லிப் பெருமைப்படுவோமே தவிர, இழையைத் தந்த பூச்சியை நாம் நினைப்பதில்லை.

காஞ்சிபுரப் பட்டு, முசுக்கொட்டை இலை தின்னும் புழுவிலிருந்து வருகிறது. அந்தப் புழுவை வீட்டுக்குள் தட்டில் வைத்தே வளர்த்துவிடலாம். அஸ்ஸாமின் மூகா பூச்சி அப்படியல்ல. பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கும் அதையொட்டிய மலையடிவாரங்களுமே அதன் தாயகம். சோம், சுவாலு என்ற மரங்களின் இலைதான் அதற்கு முக்கிய உணவு. இரண்டும் நமது லவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெண் பூச்சியை வைக்கோல் குச்சியில் கட்டி முட்டையிடச் செய்து, அந்தக் குச்சியை மரத்தில் தொங்கவிடுகிறார்கள். பொரித்த புழு வெயிலிலும் மழையிலும் மரத்திலேயே வளர்கிறது. காக்கை, எறும்பு, குளவி அண்டாமல் குடும்பமே காவல் காக்கிறது. முற்றிய புழு தானாக மரத்தைவிட்டு இறங்கி வரும். அதை எடுத்துக் காய்ந்த இலைக் கொத்தில் விட்டால் கூடு கட்டும். அந்த இழைக்குச் சாயமே தேவையில்லை, பிறவியிலேயே பொன்னிறம். கூட்டைவிட்டு வெளிவரும் பூச்சியோ எதையும் உண்பதில்லை. முட்டையிட்டுச் சில நாளில் மடிந்துவிடும்.

2007-ல் மூகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது, பூச்சிக்கு வந்ததா? தேயிலைத் தோட்டத்து மருந்தும், எண்ணெய்க் கிணறுகளில் எரியும் வாயுவும் புழுக்களைக் கொல்வதாக வளர்ப்போர் நெடுநாளாக முறையிடுகிறார்கள். திறந்த வெளியில் வளரும் புழுவுக்கு மூடிக்கொள்ளக் கதவு ஏது?

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. மாஹுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடை அடித்தால், செம்பூரில் நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். ஊரைவிட்டு வந்த நமக்கு எந்தக் காற்றும் பழகிவிடுகிறது. மூகாவுக்கு அது முடியாது. அதன் மரமும் காற்றும் கெட்டால், அதற்குப் போக்கிடம் இல்லை.

அடுத்த முறை மாட்டுங்கா கடையில் பொன்னிற மூகாப் புடவையைக் காட்டினால் விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். அந்த விலையில் ஒரு குடும்பத்தின் காவலும், ஒரு சோலையின் காற்றும் சேர்ந்திருக்கின்றன.