புகை, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகள்

புகை எச்சரிக்கைக் கருவி என்பது வீட்டில் தீப்பற்றும்போது எழும் புகையை உணர்ந்து உரத்த ஒலி எழுப்பும் கருவி ஆகும். கார்பன் மோனாக்சைடு (இலங்கை வழக்கில் காபனோரொட்சைட்டு) எச்சரிக்கைக் கருவி என்பது, எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் அந்நச்சு வளிமம் காற்றில் சேர்வதை உணர்ந்து ஒலிப்பதாகும். பேச்சு வழக்கில் இரண்டுமே அலாரம் எனப்படுகின்றன. எனினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்ட இணைந்த கருவிகளும் விற்கப்படுகின்றன.

தேவை

புகையின் நாற்றம் உறங்குபவரை எழுப்பிவிடும் என்பது தவறான நம்பிக்கை ஆகும். உறக்கத்தில் மோப்ப உணர்வு மங்கிவிடுகிறது. புகையில் உள்ள நச்சு வளிமங்கள் உறங்குபவரை மேலும் மயக்கத்தில் ஆழ்த்துகின்றன. ஆனால் உரத்த ஒலி பெரும்பாலானோரை எழுப்பக்கூடியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. இது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிணைவதால், உடல் உறுப்புகளுக்கு ஆக்சிசன் கிடைப்பது குறைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை சளிக்காய்ச்சலைப் போலத் தோன்றுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. வீட்டில் உள்ள பலருக்கு ஒரே வேளையில் இவ்வறிகுறிகள் தோன்றி, வெளியே சென்றதும் குறையுமாயின் இவ்வளிமத்தை ஐயுற வேண்டும்.

வெப்பமூட்டும் உலை, நீர்சூடாக்கி, கணப்பு, கரியடுப்பு, மின்னாக்கி, வாகன இயந்திரம் ஆகியவை இவ்வளிமத்தின் முதன்மை மூலங்கள். இந்தியாவில் காற்றோட்டமற்ற குளியலறைகளில் பொருத்தப்பட்ட கேஸ் கீசர்களால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2013 டிசம்பரில் கனடாவின் டொராண்டோ பகுதியைத் தாக்கிய பனிமழைப் புயலின்போது, மின்சாரம் இழந்தோர் சிலர் கரியடுப்புகளையும் மின்னாக்கிகளையும் வீட்டுக்குள் பயன்படுத்தியதால் நச்சேற்றத்திற்கு ஆளாயினர்.

ஒன்ராறியோ சட்டம்

தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2006 முதல் விதியாகும். 2008 இல் அம்மாகாணத்தின் வூட்ஸ்டாக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டதால், ஹாக்கின்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பெற்றோரும் இரு பிள்ளைகளும் கார்பன் மோனாக்சைடால் உயிரிழந்தனர். அவ்வீட்டில் இவ்வளிமத்தை உணரும் கருவி இருக்கவில்லை. இதன் விளைவாக அக்குடும்பத்தின் பெயர் தாங்கிய சட்டம் 2013 இல் நிறைவேற்றப்பட்டது. 2014 அக்டோபர் முதல், எரிபொருளில் இயங்கும் கருவியோ கணப்போ வீட்டுடன் இணைந்த வாகனக் கொட்டகையோ உள்ள வீடுகளில், உறங்கும் பகுதிக்கு அருகில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது.

வகைகளும் இயங்கும் முறையும்

புகை எச்சரிக்கைக் கருவிகள் இரு வகைப்படும்.

அயனியாக்க வகை: இதில் மிகச் சிறிய அளவு அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கத் தனிமம் உள்ளது. அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் காற்றை அயனியாக்குவதால், இரு தகடுகளுக்கு இடையே சிறு மின்னோட்டம் பாய்கிறது. புகை நுழைந்ததும் மின்னோட்டம் குறைகிறது, கருவி ஒலிக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயை இது விரைவாக உணரும். ஆல்ஃபா துகள்கள் சில சென்டிமீட்டர் காற்றிலேயே நின்றுவிடுவதால் வழமையான பயன்பாட்டில் தீங்கில்லை. ஆயினும் கருவியைப் பிரிக்கக் கூடாது.

ஒளிமின் வகை: இதில் ஒரு சிறு விளக்கின் ஒளி, உணரியின் மீது நேராக விழாதவாறு அமைக்கப்பட்டுள்ளது. புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும்போது அதன் ஒரு பகுதி உணரியை அடைகிறது. மெத்தை, சோபா போன்றவற்றில் கனன்று பரவும் தீயை இது விரைவாக உணரும். சமையல் புகைக்கு வீணாக ஒலிப்பதும் ஒப்பீட்டளவில் குறைவு.

கார்பன் மோனாக்சைடு கருவிகளில் பெரும்பாலும் மின்வேதி உணரி பயன்படுகிறது. வளிமம் மின்முனையில் ஆக்சிசனேற்றம் அடையும்போது, அதன் செறிவுக்கு ஏற்ற மின்னோட்டம் உண்டாகிறது. இக்கருவி செறிவை மட்டுமன்றி, அது நீடிக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்கிறது. அமெரிக்கத் தரமான யூ.எல். 2034 இன்படி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வளிமம் 70 பங்கு எனில் 60 முதல் 240 நிமிடங்களுக்குள்ளும், 400 பங்கு எனில் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்க வேண்டும்.

சமையல் எரிவாயுக் கசிவை இக்கருவி உணராது. அதற்கெனத் தனிக் கருவிகள் உள்ளன.

தெரிவு செய்தல்

* தரச்சான்று முத்திரை இருத்தல் வேண்டும். புகைக் கருவிகளுக்கு அமெரிக்காவில் யூ.எல். 217, ஐரோப்பாவில் ஈ.என். 14604 ஆகியவை உரிய தரங்கள். கார்பன் மோனாக்சைடு கருவிகளுக்கு ஐரோப்பியத் தரம் ஈ.என். 50291.
* ஒரே வகை மட்டும் வாங்குவதாயின் ஒளிமின் வகை பொருத்தமானது. இரு வகையும் இருப்பது மேலும் நன்று.
* வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவியாயின் மாற்று மின்கலமும் அதில் இருத்தல் வேண்டும்.
* ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்கும் வண்ணம் இணைக்கத்தக்க கருவிகள் மாடி வீடுகளுக்கு ஏற்றவை. நிலவறையில் எழும் தீயை மேல்மாடியில் உறங்குபவர் உடனே அறிவார்.
* செவிப்புலன் குறைந்தோருக்கு ஒளிரும் விளக்கோ, படுக்கையை அதிரவைக்கும் அமைப்போ கொண்டவை உள்ளன.

பொருத்துதல்

* ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடைபாதையிலும் புகைக் கருவி பொருத்துவது பரிந்துரைக்கப்படுகிறது.
* புகை மேலெழுவதால் கூரையின் அடிப்புறமே உகந்த இடம். சுவரில் பொருத்துவதாயின் கூரையிலிருந்து 10 முதல் 30 செ.மீ. கீழே அமைய வேண்டும்.
* சமையல் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும். குளியலறை வாயில், மின்விசிறி, காற்றுத் துவாரம் ஆகியவற்றின் அருகில் பொருத்தக் கூடாது.
* கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே இலேசானது. காற்றுடன் நன்கு கலந்துவிடும். ஆகவே அது தரையில் தேங்கும் எனக் கருதி அதற்கான கருவியைத் தாழ்வாகப் பொருத்த வேண்டியதில்லை. கையேட்டில் குறித்த உயரத்தில், உறங்கும் பகுதிக்கு அருகில் இருப்பதே முதன்மையானது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். தூசியை மென்மையாக அகற்ற வேண்டும். அவ்வப்போது ஒரேயொரு சிற்றொலி கேட்டால் மின்கலம் தீர்ந்து வருகிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது எனக் கொள்ளலாம். புகைக் கருவியைத் தயாரிப்பு நாளிலிருந்து 10 ஆண்டுகளில் மாற்ற வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். அது பின்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

தாளிக்கும்போதோ சாம்பிராணி இடும்போதோ கருவி ஒலிப்பதால் மின்கலத்தைக் கழற்றி வைப்பது பல வீடுகளில் காணப்படும் வழக்கம். மீண்டும் பொருத்த மறந்த கருவி தீவிபத்தின்போது ஒலிக்காது. ஒலியைச் சில நிமிடங்கள் நிறுத்தும் பொத்தானைப் பயன்படுத்துவதும், கருவியைச் சற்றுத் தள்ளிப் பொருத்துவதும், சன்னலைத் திறப்பதும் உரிய மாற்று வழிகள்.

ஒலிக்கும்போது செய்ய வேண்டியவை

வட அமெரிக்கத் தரத்தில், மும்மூன்றாக ஒலித்தால் புகை என்றும், நான்கு நான்காக ஒலித்தால் கார்பன் மோனாக்சைடு என்றும் பொருள். எதுவாயினும் அனைவரும் உடனே வெளியேறி, வெளியில் நின்றபடி அவசர உதவியை அழைக்க வேண்டும். சன்னல்களைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பது போதுமானதன்று. தீயணைப்புத் துறையினர் காற்றை அளந்து பாதுகாப்பை உறுதி செய்யும்வரை, உடல்நலம் தேறியது போலத் தோன்றினாலும், மீண்டும் உள்ளே செல்லக் கூடாது.