லண்டனின் செங்கல் பள்ளிகள்

லண்டனின் பழைய தெருக்களில், தாழ்ந்த வரிசை வீடுகளுக்கு மேலே தலைதூக்கி நிற்கும் மூன்று தளச் செங்கல் கட்டடங்கள் பல, பள்ளிக்கென்றே கட்டப்பட்டவை. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் உருவானது லண்டன் பள்ளி வாரியம். மறு ஆண்டு அதன் கட்டடக் கலைஞராக எட்வர்ட் ராபர்ட் ராப்சன் பொறுப்பேற்றார். 1904இல் கலைக்கப்படுவதற்குள் வாரியம் 400க்கும் மேற்பட்ட பள்ளிகளைக் கட்டிவிட்டது.

அதுவரை இங்கிலாந்தில் பள்ளி என்றால் பெரும்பாலும் கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணிதான். அது தேவாலயத்தை நினைவூட்டும் பாணி. வாரியப் பள்ளிகளோ எந்தத் திருச்சபைப் பிரிவையும் சாராதவை. அதனால் ராப்சன் பழைய ஆங்கிலச் செங்கல் வீடுகளைப் பார்த்து வளர்ந்த 'ஆன் அரசி' பாணியை எடுத்துக்கொண்டார். அதில் இன்னொரு பெரிய லாபமும் இருந்தது: நேர்க்கோட்டு விளிம்பு கொண்ட உயரமான, அகலமான சன்னல்களை வைக்க முடிந்தது.

வெளிச்சம்தான் இந்தக் கட்டடங்களின் உயிர். சன்னலின் மேற்பகுதி வழியாக நுழையும் ஒளியே அறைக்குள் அதிக தூரம் போகும். ஆகவே சன்னல்கள் கூரையை நெருங்கும்வரை உயர்ந்தன. வலக்கையால் எழுதும் பிள்ளையின் தாளில் கையின் நிழல் விழாமலிருக்க, ஒளி இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று ராப்சன் வலியுறுத்தினார். எழுதுகிற குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தவருக்கே தோன்றும் கணக்கு இது.

நகரில் மனை விலை அதிகம். எனவே கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது. சிறு குழந்தைகள் தரைத்தளத்தில். ஆண், பெண் பிள்ளைகள் மேல்தளங்களில் தனித்தனியாக. இடம் போதாத மனைகளில் விளையாட்டுத் திடலே மொட்டைமாடிக்கு ஏறியது.

செங்கல் பள்ளி என்றாலும் முழுச்சுவரும் சிவப்பாக இருப்பது அரிது. மண்ணிலுள்ள இரும்பு, சூளையில் வெந்து கல்லைச் சிவக்க வைக்கும். லண்டன் வட்டாரச் செங்கல் மண்ணுடன் சுண்ணாம்பு சேர்த்துச் சுட்டால் கல் மஞ்சளாகும். மலிவான மஞ்சள் கல் சுவருக்கு, சிவப்புக் கல் மூலைகளுக்கும் சன்னல் விளிம்புகளுக்கும் என்பதே வழக்கம். சன்னல் தலைப்பில் வைக்கும் சிவப்புக் கல் மென்மையானது. கொத்தனார் அதை அறுத்து, கல்லில் தேய்த்து, ஆப்பு வடிவுக்குக் கொண்டுவருவார். கற்களுக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்து நூலிழை அளவுதான். அருகில் நின்று பார்த்தால், சிவப்புப் பரப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விசிறிபோல விரியும். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு இத்தனை நுணுக்கமான கைவேலை!

பல பள்ளிகள் இன்றும் பள்ளிகளாகவே இயங்குகின்றன. சில அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. அவற்றிலும் 'சிறுவர்', 'சிறுமியர்', 'மழலையர்' என்று வாசல்களின் மேல் செதுக்கிய எழுத்துகளைக் காணலாம்.